மேட்டில் குளம் வேண்டாம்

திருவனந்தபுரம்
12-6-1983

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நல்லசிவம் எழுதுகிறேன். மெஸ் சாப்பாடு வயிற்றுக்குப் பழகிவிட்டது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அத்தானுக்குத் தோள்வலி குறைந்ததா? மூட்டையை இடது தோளிலும் மாற்றி மாற்றித் தூக்கச் சொல். மழை இன்னும் வரக் காணோம்.

சந்தோஷமான சமாசாரம் ஒன்று. கொச்சங்காடிக் கடைசியில் நம் வீடுகளுக்குப் பின்னால் கிடக்கிறதே கொக்குத்துருத்து, அந்தக் குட்டித் தீவைப் பறவைகளுக்கான காப்பிடமாக ஆக்கப்போகிறார்கள். சைலண்ட் வேலிக் காட்டைப் பற்றிய பேச்சு கிளம்பியதிலிருந்து எல்லா ஆபீசிலும் மரத்துக்கு மதிப்பு வந்துவிட்டது. கண்டல் மரமும் சேறும், நடுவே ஒரு மேடும், சுற்றிலும் காயல் தண்ணீரும், போய்வர ஒரு வரப்புமாக யாருக்கும் வேண்டாமல் கிடந்த துண்டு நிலம் அது. அதன் திட்டம் எங்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறது. படம் வரைகிற வேலை எனக்கு. சேர்ந்து பத்து மாதம்கூட ஆகவில்லை, நான் வளர்ந்த இடமே என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் பெரிய அதிகாரி அனந்தநாராயணன் சார் பாலக்காட்டுத் தமிழர். அக்கம்பக்கத்து ஜனங்களைக் கேட்காமல் ஒரு கோடும் போடக்கூடாது என்பவர். அதனால் வீட்டுக்கு ஒரு படிவம் வரும். அந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள், அங்கே என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று கேட்டிருக்கும். எல்லாம் மலையாளத்தில். நம் தமிழ் ஆட்களில் உன்னை விட்டால் அதை வாசித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நீதான் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

நானும் ஒரு யோசனை சொன்னேன். சுற்றிலும் உப்புத் தண்ணீர், பறவைக்குக் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. மேட்டைத் தோண்டினால் மழைத் தண்ணீர் நிற்கிற குளம் கிடைக்கும். தோண்டிய மண்ணில் பக்கத்திலேயே பார்வைக் கோபுரத்துக்குத் தளம் போட்டுவிடலாம். சார் என் படத்தை இரண்டு தரம் பார்த்து, நல்லது என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான் அந்த ஊர்க்காரன் என்பதை ஆபீசில் சொல்லவில்லை. சொன்னால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். இது நமக்குள் இருக்கட்டும்.

என் மருமகள் சந்தனமாரிக்குப் புதுப் பாடப்புத்தகம் கிடைத்ததா என்று எழுது.

உன் தம்பி,
நல்லசிவம்


கொச்சங்காடி
3-7-1983

அன்பு நல்லசிவத்துக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தில் பாதி உன் சார், கால் பங்கு கொக்கு, மிச்சத்தில் எங்கள் சுகத்தையும் கேட்டிருந்தாய். சந்தோஷம். நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். அத்தானிடம் இடது தோளைச் சொன்னேன். "அவன வந்து தூக்கிக் காட்டச் சொல்லு" என்றார். சந்தனமாரி புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டு அடுக்கி வைத்திருக்கிறாள். படிப்பது எப்போது என்று தெரியவில்லை.

மழை பிந்தி வந்தாலும் வந்துவிட்டது. சுக்கு காயாமல் கிடங்கில் எங்களுக்கு அரை வேலைதான். ஆகவே படிவம் வரட்டும், நிரப்புகிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மேட்டைத் தொட வேண்டாம். குளமும் கோபுரமும் வேறெங்காவது போட்டுக்கொள்ளுங்கள். அங்கே பாம்பு அதிகம். மண்ணும் உதிரி மண், கோபுரம் நிற்காது. உன் சாரிடம் நீயே சொன்ன யோசனைதானே, நீயே மாற்றிச் சொல்லிவிடு.

மழையில் நனையாதே. தலையைத் துவட்டாமல் படுக்கிற பழக்கம் உனக்கு இன்னும் போயிருக்காது.

அக்கா,
பாக்கியலக்ஷ்மி


திருவனந்தபுரம்
11-7-1983

அன்புள்ள அக்காவுக்கு,

தலையைத் துவட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

மேட்டைப் பற்றி நீ எழுதியது எனக்குச் சிரிப்பாக இருந்தது. மண்ணைப் பரிசோதித்து அறிக்கை வந்தாயிற்று. துருத்திலேயே கெட்டியான மண் அங்கேதான். பாம்பு இருந்தால் காப்பிடத்துக்கு நல்லது, அதுவும் ஒரு ஜீவன்தானே. மற்ற இடமெல்லாம் கடல் ஏறித் தண்ணீர் வந்தால் மூழ்கிவிடும். குளத்துக்கு வேறு இடம் கிடையாது அக்கா.

அப்படியே வேண்டாம் என்று யாருக்காவது தோன்றினால் அதற்குத்தானே படிவம்? காரணத்தை எழுதட்டும். ஆபீசில் காகிதம் பேசினால்தான் காது கேட்கும். நான் வாயால் சொல்லி எடுபடாது.

அடுத்த வாரம் வார்டு மெம்பர் மூலமாகப் படிவக் கட்டு வரும். சீக்கிரம் முடித்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
நல்லசிவம்


கொச்சங்காடி
28-8-1983

அன்பு நல்லசிவத்துக்கு,

எல்லாரும் சுகம். உனக்கு ஜலதோஷம் என்று உன் கார்டில் பார்த்தேன். மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்துத் தர மெஸ்காரனுக்குத் தெரியாதா என்ன, கேட்டு வாங்கிக் குடி.

படிவங்களை மெம்பரிடம் கொடுத்துவிட்டேன். நாற்பத்திரண்டு வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன், கட்டைவிரல் வீங்கிப்போயிற்று. வீட்டு ஆண்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று மெம்பர் சொல்லிவிட்டார், அதனால் நான் எழுதுகிற கை மட்டும்.

வேடிக்கையைக் கேள். "இந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று வாசித்தேன். முதலில் வந்தவர் ஒச்சம்மாள் வீட்டுக்காரர். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "சர்க்காரு எதுக்குக் கேக்கான்? வெறகு பொறுக்குறோம்னு சொன்னா ஃபைன் போடவா? நாங்க அங்க போறதே இல்லன்னு எழுது" என்றார். எழுதினேன். அடுத்தவர் எட்டிப் பார்த்து, அவருக்கு என்ன எழுதியதோ அதையே தனக்கும் என்றார். அப்புறம் எல்லாருக்கும் அதே. அந்தத் துருத்தின் விறகில்தான் நாற்பத்திரண்டு அடுப்பும் எரிகிறது. அங்கே சேற்றில் பொறுக்கிய கக்காச் சிப்பிதான் பாதி நாள் குழம்பு. ஆனால் ஒருவரும் அங்கே கால் வைத்ததில்லையாம். அத்தானும் அப்படித்தான் சொன்னார்.

குளத்தைப் பற்றி நான் இரண்டு மூன்று பேரிடம் எடுத்துக் கொடுத்தேன். மேட்டில் வேண்டாம் என்று எழுதட்டுமா என்றேன். எழுதினால் ஏன் என்று கேட்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.

படிவத்தை விடு. நான் உன் அக்காவாகச் சொல்கிறேன், மேட்டை விட்டுவிடு.

ஓணத்துக்கு வரமுடியவில்லை என்று எழுதியிருந்தாய். சரி.

அக்கா,
பாக்கியலக்ஷ்மி


திருவனந்தபுரம்
14-9-1983

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஜலதோஷம் போய்விட்டது. ரசம் கேட்டேன், மெஸ்காரர் சாம்பாரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

படிவங்கள் வந்தன. உன் கையெழுத்தைப் பார்த்து சார் பாராட்டினார். எனக்கு உள்ளுக்குள் பெருமை, வெளியே சொல்ல முடியவில்லை. யாரும் உபயோகிக்காத இடம் என்று நாற்பத்திரண்டு வீட்டாரும் ஒரே மாதிரி எழுதியிருப்பதால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஆட்சேபம் ஒன்றுகூட இல்லை. மேட்டில் குளம் தோண்டத் தீர்மானம் ஆகிவிட்டது. பிப்ரவரியில் ஆள் இறங்குவார்கள். படத்தை மையில் இழுத்தாயிற்று.

பாம்புக்குப் பயந்து தம்பியின் குளத்தை நிறுத்தப் பார்த்தாயே, உன்னை என்ன செய்யலாம்? திறப்பு விழாவுக்கு உன்னைக் கோபுரத்தில் முதல் ஆளாக ஏற்றுகிறேன்.

அத்தானுக்கும் குட்டிக்கும் என் அன்பு.

நல்லசிவம்


திருவனந்தபுரம்
30-10-1983

அக்காவுக்கு,

நான் எழுதி ஆறு வாரமாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? அத்தானுக்கு ஏதாவது அடிபட்டதா? நான் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் திட்டியாவது எழுது. தீபாவளிக்கும் லீவு தரவில்லை, இல்லாவிட்டால் நேரிலேயே வந்திருப்பேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
நல்லசிவம்


கொச்சங்காடி
20-11-1983

அன்பு நல்லசிவத்துக்கு,

எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ பயந்திருப்பாய், அது என் தப்பு. உனக்கு எழுத உட்கார்ந்து நாலு இன்லண்டைக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

முத்துக்குட்டியை நினைவிருக்கிறதா? நீ எட்டாம் கிளாஸ் படிக்கும்போது நம் வீட்டில் ஐந்து மாதம் இருந்தான். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முக்குவரைக்கும் போவாய். அவன் போனபோது உன்னை இடப்பள்ளிச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

அவன் மேட்டில்தான் இருக்கிறான்.

பல் முளைக்காத பிள்ளையை நம் ஆட்கள் எரிக்கமாட்டார்கள், மண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். நம் சொந்த ஊரில் அதற்கென்று இடம் உண்டு. இங்கே ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் அவரவர் இடம் இருக்கிறது, பிழைக்க வந்த நமக்கு ஏது? தண்ணீர் ஏறாத மண் என்று அந்த மேடு ஒன்றுதான். ஆண்கள் நாலு பேராக விடிகிற நேரத்தில் கொண்டுபோய்விட்டு, குளித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அனுமதி கேட்டதும் இல்லை, வெளியே சொன்னதும் இல்லை. படிவத்தில் எல்லாரும் ஏன் வாயை மூடிக்கொண்டார்கள் என்று இப்போது தெரிகிறதா? விறகுக்கான பயம் கொஞ்சம், இதற்கான பயம்தான் மிச்சம்.

மேட்டில் எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. நம் ஆண்கள் அதைப் பெண்களிடம் சொல்லமாட்டார்கள். தாய்க்குத் தெரிந்தால் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாள், இருக்கிற பிள்ளையைப் பார்க்கமாட்டாள் என்பார்கள். நானும் அத்தானிடம் கேட்டதில்லை. விறகு பொறுக்கப் போகும்போது மேற்கு ஓரத்தில் ஒரு இடம் கொஞ்சம் பள்ளமாகத் தெரியும். அங்கேதான் என்று நானாக வைத்துக்கொண்டேன். அங்கே மட்டும் சுள்ளி பொறுக்கமாட்டேன். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

நீ அங்கே குளம் தோண்டுகிறேன் என்று எழுதினாய். எனக்கு உன் மேல் கோபம் வந்தது. உனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் வந்தது. அப்புறம் என் மேல் வந்தது. நாற்பத்திரண்டு படிவத்திலும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழுதினது என் கைதானே. என் வீட்டுப் படிவத்திலும் நான்தான் எழுதினேன்.

எனக்கு வேறொன்றும் வேண்டாம். அவன் மேல் மண்வெட்டி விழக்கூடாது. உன்னால் முடியுமா முடியாதா என்று மட்டும் எழுது.

அக்கா


திருவனந்தபுரம்
29-11-1983

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். மேற்கொண்டு அன்றைக்கு ஒரு கோடும் போட முடியவில்லை.

இடப்பள்ளியிலிருந்து நான் திரும்பி வந்தபோது உத்தரத்தில் தொட்டில் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். நான் பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். எங்கே என்று நான் கேட்கவே இல்லை. அன்றைக்குக் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அதற்கு என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் கொச்சங்காடிக்காரன், படிவம் எழுதியது என் அக்கா, எழுதியது உண்மை இல்லை, குளம் என் யோசனை, எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். என்னை வேலையிலிருந்து மாற்றவில்லை. "நாற்பத்திரண்டு வீடு கையெழுத்துப் போட்டு ஒன்றைச் சொல்லியிருக்கிறது. ஒரு வரைவாளன் பேச்சைக் கேட்டு அதை நான் தள்ள முடியாது. அவர்களே வேறு சொன்னால் கேட்பேன்" என்றார். ஜனவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கொச்சங்காடியில் கூட்டம் வைக்கிறார். எனக்கு அனுமதி இல்லை, நான் வந்தால் ஆளைத் தூண்டிவிட்டேன் என்று ஆகிவிடும்.

மேட்டின் வரைபட நகல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். எங்கெங்கே என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கூட்டத்தில் கொடுங்கள். யாராவது ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். வாயைத் திறக்காவிட்டால் படிவம்தான் நிற்கும்.

அத்தானிடம் நான் கேட்டதாகச் சொல்.

நல்லசிவம்


கொச்சங்காடி
14-12-1983

அன்பு நல்லசிவத்துக்கு,

சுகம்தான். உன் சார் நல்ல மனுஷனாகத்தான் இருக்க வேண்டும். நீ மன்னிப்பெல்லாம் கேட்காதே, பதின்மூன்று வயசுப் பையன் என்ன கேட்டிருக்கப்போகிறான்.

உன் வரைபடத்தைக் கிடங்குக்கு எடுத்துப் போனேன். மேடு எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம் என்று விளக்கிச் சொன்னேன். ஏழு பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஏழு பேருக்கும் அங்கே பிள்ளை இருக்கிறது. பென்சில் கைக்குக் கை மாறி மறுபடியும் என்னிடமே வந்தது. ஒருத்திக்கும் இடம் தெரியாது.

பேச்சி சொன்னாள், "ஒங்களுக்காவது கேக்க ஆளு இருக்கு. எங்க வீட்டுக்காரரு செத்து நாலு வருசமாச்சு. நான் இனி யாருட்ட கேக்க?" எதிரே கிடந்த சுக்கைத் தரம் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தோம்.

ஆண்கள் ஒருவரும் கூட்டத்தில் பேசுவதாக இல்லை. சொன்னால் அனுமதியில்லாமல் புதைத்தோம் என்று கேஸ் வரும், குடியிருக்கிற இடமும் போகும் என்கிறார்கள். அவர்கள் பயத்தைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அத்தானிடம் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். நான்காக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, சாயா குடிக்கப் போய்விட்டார். அவரோடு இருபது வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறேன், இந்த ஒன்றில் மட்டும் அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் வரட்டும், பார்க்கலாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
பாக்கியலக்ஷ்மி


கொச்சங்காடி
10-1-1984

அன்பு நல்லசிவத்துக்கு,

எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நீ கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளத் துடித்துக்கொண்டிருப்பாய். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளிக்கூட ஹாலில் வைத்தார்கள். ஆண்கள் பெஞ்சில், நாங்கள் சுவரோரம். உன் சார் முன்னால் நீ வரைந்த பெரிய படத்தை மாட்டியிருந்தார். குளத்தை நீலத்தில் போட்டிருந்தாய். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவர் முதலில் மலையாளத்தில் பேசினார், பிறகு தமிழில், "பயப்பட வேண்டாம், யார் பேரிலேயும் கேஸ் எடுக்க நான் வரலை. இந்த இடம் உங்களுக்கு எதுக்கு வேணும்னு மட்டும் சொல்லுங்கோ" என்றார். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். விறகைப் பற்றிக்கூட ஒருவரும் சொல்லவில்லை. அவர் காகிதத்தை மூடப் போனார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்தேனே தவிர, மேடு என்று ஒரு வார்த்தைதான் வந்தது, மேலே பேச வரவில்லை. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

அப்போது அத்தான் எழுந்தார். உனக்குத்தான் தெரியுமே, சாப்பாட்டுக்கு உப்பு வேண்டும் என்றாலும் கையைத்தான் நீட்டுவார், கேட்கமாட்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சார், வரப்பிலேர்ந்து மேட்டுல ஏறுனா ஒரு பூவரசு நிக்கும். அதுலேர்ந்து கெழக்க பதினோரு எட்டு வச்சா எம் மவன் கெடக்கான். அஞ்சு மாசப் பிள்ள. நாந்தான் தோண்டுனேன். அங்க கொளம் வேண்டாம்."

சார் எழுந்து நின்றுவிட்டார். "வேற யாராவது உண்டா?" என்று மெதுவாகக் கேட்டார். அத்தான், "எனக்குத் தெரிஞ்சு இன்னும் மூணு. பேச்சி பிள்ளையும் நாங்கதான் கொண்டுபோனோம், பூவரசுக்கு அடுத்து ஒரு கல்லு இருக்கு, அதுக்கு இந்தப் பக்கம். மத்தது அவங்கவங்க சொல்லணும்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். இத்தனை எட்டு, இந்தப் பக்கம், இந்த மரம் என்று. கடைசியில் ஒச்சம்மாள் வீட்டுக்காரர் எழுந்து விறகையும் கக்காவையும் சொன்னார். சார் எல்லாவற்றையும் தன் கையால் எழுதிக்கொண்டார்.

பதினோரு எட்டு, கிழக்கே. நான் இத்தனை வருஷமும் மேற்கே வைத்திருந்தேன். ஊருக்கு நடுவில், சர்க்கார் ஆபீசர் முன்னால் என் பிள்ளை இருக்கிற இடத்தை நான் முதல் தரமாகக் கேட்டேன். சுவரோரம் எந்தப் பெண்ணும் சத்தம் போட்டு அழவில்லை. பேச்சி என் கையைப் பிடித்தாள், விரல் இன்னும் வலிக்கிறது.

மறுநாள் விறகுக்குப் போகும்போது அத்தானும் கூட வந்தார். எட்டு வைத்துக் காட்டினார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன்.

குளம் நிற்குமா என்று விசாரித்து எழுது.

அக்கா,
பாக்கியலக்ஷ்மி


திருவனந்தபுரம்
5-2-1984

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மூன்று பேரின் சுகத்தையும் வேண்டுகிறேன். குளம் இல்லை. மேட்டில் ஒரு பிடி மண்ணும் எடுக்கமாட்டார்கள். கோபுரம் வரப்பின் முனைக்குப் போய்விட்டது. துருத்தின் கரையோரமாக விறகு பொறுக்கவும் கக்கா எடுக்கவும் உங்களுக்கு எழுத்தில் அனுமதி உண்டு. இதெல்லாம் கூட்டத்தில் நீங்கள் வாய் திறந்ததால் கிடைத்தது.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மேட்டை என்ன பெயரில் விடுவது என்று சார் பத்து நாள் யோசித்தார். இடுகாடு என்று போட்டால் திட்டம் வேறு ஆபீசுக்குப் போய்விடும், அனுமதியில்லாத இடம் என்று எடுத்துவிடச் சொல்வார்கள். சும்மா காலி இடம் என்று விட்டால் அடுத்து வருகிற அதிகாரி குளத்தை மறுபடியும் எடுப்பார். பூவரசைச் சுற்றிக் கொக்குகள் கூடு கட்டுகின்றன. அதை வைத்து மேட்டைக் கூடு கட்டும் பகுதி என்று போடலாம். அப்படிப் போட்டால் எந்தக் காலத்திலும் யாரும் அங்கே தோண்ட முடியாது. ஆனால் சுற்றிலும் வேலி வரும். யாரும் உள்ளே போகவும் முடியாது. வேலை ஆட்கள்கூடப் போகக்கூடாது.

வருஷத்துக்கு ஒரு நாளாவது என்று கேட்டேன். ஒரு நாள் என்று எழுதினால் எதற்கு என்று எழுத வேண்டி வரும் என்றார். அவர் சொல்வது சரிதான், எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

பதினோரு வருஷம் கழித்து உனக்கு இடம் தெரிந்திருக்கிறது. அதைச் சுற்றி நான் கோடு போட வேண்டும். நீங்கள் சம்மதித்தால்தான் போடுவேன் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் மார்ச் முதல் தேதி வரைக்கும் காத்திருப்பதாகச் சொன்னார். அவசரப்படாமல் யோசித்து எழுது.

உன் தம்பி,
நல்லசிவம்


கொச்சங்காடி
24-2-1984

அன்பு நல்லசிவத்துக்கு,

நாங்கள் சுகம். நீயும் சரியாகச் சாப்பிடுகிறாயா? கையெழுத்து கோணலாக இருந்தது.

இந்தத் தடவை படிவம் இல்லாமலே கருத்துக் கேட்டேன், ஆண்களிடம் இல்லை. கிடங்கில் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது உன் கடிதத்தை அப்படியே வாசித்தேன். ஒச்சம்மாள், "போக முடியாட்டி என்ன, பிள்ள பத்திரமா இருந்தாப் போதும்" என்றாள். நாலு பேர் அதையே சொன்னார்கள். முன்பு ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சொன்ன மாதிரி இல்லை, ஒவ்வொருத்தியும் நேரம் எடுத்துக்கொண்டு சொன்னாள். பேச்சி சம்மதிக்கவில்லை. "நேத்துத்தான் தெரிஞ்சுது, அதுக்குள்ள வேலியா?" என்று கேட்டாள். என் மனசில் பாதி அவள் பக்கம்தான் இருக்கிறது. ஏழில் ஒருத்தி வேண்டாம் என்றாள் என்பதையும் உன் சாரிடம் சொல், அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

அத்தானிடம் கேட்டேன். "ஒனக்கு எப்படித் தோணுதோ" என்றார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "தோண்டக் கூடாது" என்றார்.

கோட்டைப் போடு. உன் கையாலேயே போடு, வேறு ஆளிடம் கொடுக்காதே.

வேலிக்கு ஆள் எப்போது வருவார்கள் என்று தெரிந்ததும் உடனே கார்டு போடு. நாள் கூடுதலாகக் கிடைத்தால் நல்லது. நானும் பேச்சியும் இப்போது தினமும் வேலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். அவள் கல்லுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வீட்டில் கஞ்சி பிந்துகிறது, சந்தனமாரி தலையைத் தானே பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். ஆண்கள் எதற்குப் பயந்தார்களோ அதைத்தான் செய்கிறோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அக்கா,
பாக்கியலக்ஷ்மி